சுரங்கத் தண்ணீரும் ஒரு தலைக்கட்டும்

"எனக்கும் ஒரு வரி போடுங்க மாமா."

வசந்தா அக்கா இதைச் சொன்ன காலையில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ரயில் பாதைக்கு அடியில் புதிதாக வந்த சுரங்கப் பாதையில் தண்ணீர் பால் கலக்காத டீயைப் போல நின்றது. ஊர் ஆண்கள் வேட்டியையும் லுங்கியையும் மடித்துக் கட்டிக்கொண்டு, சரிவில் கூட்டம் போட்டிருந்தார்கள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்தான். பிரச்சினையை எதிரில் வைத்துக்கொண்டே பேசலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரச்சினையும் அசையாமல் கேட்டுக்கொண்டு கிடந்தது.

அக்கா கூட்டத்துக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஸ்கூட்டி பக்கத்தில் நின்றாள். வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டு கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிகிற வரைக்கும் அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் இருந்தது. தண்ணீர் மட்டும் நடுங்கியது.

கடைசியில் கோவிந்தராசு மாமாதான் வாயைத் திறந்தார். எங்கள் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா அவர். ஊருக்கே மாமா.

"வரியா? ஒனக்கெதுக்கும்மா வரி? அதான் ஒன் தம்பி பேர்ல ஓடிக்கிட்டு இருக்குதே."

அந்தத் தம்பி நான். சிதம்பரத்திலிருந்து பைக்கில் வந்து, தண்ணீருக்கு மறுகரையில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சுரங்கம் எல்லாருடைய குரலையும் கூட்டிக்கொண்டு வந்து என் காதருகே வைத்தது.

மூங்கிலால் அளந்த அம்மன்

சுரங்கம் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரின் வீடுகள் எல்லாம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். பஸ் வரும் சாலையும், அதைத் தாண்டிக் கடலும் அந்தப் பக்கம். நடுவில் ஒரு கேட் இருந்தது. கேட்டில் நின்று நின்றே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கேட்டை மூடிவிட்டு, பாதைக்கு அடியில் சிமெண்ட் பெட்டிகளை இறக்கிச் சுரங்கம் செய்யப்போகிறோம் என்று ஒரு சித்திரை மாதத்து வெயிலில் ஒரு இன்ஜினியர் வந்து சொன்னார். வெள்ளைத் தொப்பி, வியர்வை, கையில் சுருட்டிய வரைபடம்.

எல்லாருக்கும் சந்தோஷம். கோவிந்தராசு மாமா மட்டும் கேட்டார்: "ஒசரம் எவ்வளவு சார்?"

அவர் சொன்னார்.

"அம்மன் போவாதே சார்."

மாசி மகத்துக்கு எங்கள் அம்மன் கடலுக்குத் தீர்த்தவாரி போவாள். டிராக்டரில், சப்பரத்தில், குடை விரித்து. இன்ஜினியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, குடையை மடக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். அதற்கு மாமா சொன்ன பதிலை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அம்மனுக்குக் குனியத் தெரியாது சார்."

அன்றைக்கே சப்பரத்தை வெளியே எடுத்து, டிராக்டரில் ஏற்றி, குடையைப் பிடித்து, பக்கத்தில் ஒரு மூங்கிலை நிறுத்தி அளந்தார்கள். குடையின் உச்சிக் கலசத்துக்கு மேல் மாலை சாத்துவதற்கு ஒரு சாண் கூட்டினார்கள். மூங்கிலில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் இன்ஜினியர் முன்னால் நட்டார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்காவும் இருந்தாள். எல்லாரும் கை தட்டினோம்.

"ரயிலை மேல ஏத்த முடியாது. ஒசரம் வேணும்னா தரையைத்தான் கீழ எறக்கணும்" என்றார் இன்ஜினியர்.

"எறக்குங்க சார்! தோண்டுற மண்ணு வேலைய நாங்களே பாத்துக்குறோம்."

இறக்கினார்கள். ஊர் வரியில் ஜேசிபி வந்தது. அம்மனுக்குத் தேவையான உயரம் முழுவதும் பூமிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது.

இது எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற பிழை என்று நினைக்கிறேன். அம்மன் போவது மாசியில். மாசியில் சுரங்கம் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கும். அவள் குடையோடு, மாலையோடு, ஒரு தூசிகூட உரசாமல் போய்த் திரும்புவாள். நாங்கள் போவது ஐப்பசியில், கார்த்திகையில். எங்கள் முழங்காலை யாரும் மூங்கிலால் அளக்கவில்லை.

பாதிப் பாதி

ரயிலும் சாலையும் சந்திக்கிற இடத்தில் அவற்றைப் பிரித்துவைக்கும் செலவு யாருடையது என்பது பழைய கேள்வி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருமுறை கடலூர் வரைக்கும் எனக்கு அதை விளக்கிக்கொண்டு வந்தார். அவர் பேசப் பேச, சிப்காட் தொழிற்சாலைகள் பக்கத்துக் காற்றின் காரமான மணம் ஜன்னல் வழியாக வந்து போனது.

பெரிய மேம்பாலம் என்றால் தண்டவாளத்துக்கு மேலே இருக்கும் துண்டு ரயில்காரர்களுடையது. இரண்டு பக்கமும் ஏறி இறங்கும் கைகள் சாலைக்காரர்களுடையவை. செலவு பெரும்பாலும் பாதிப் பாதி. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் ஊர் ஊராகச் சுற்றுகிற எனக்கு, கைகள் இல்லாமல் நடுவில் மட்டும் நிற்கிற பாலங்களைத் தெரியும். வானத்தில் தொடங்கி வானத்திலேயே முடிகிற சாலை. அதன்மேல் காக்கைகள் மட்டும் போக்குவரத்து நடத்தும்.

"அதுக்கும் முன்னாடி ஒரு வழக்கு உண்டு சார்" என்றார் ஓவர்சியர். "அந்த எடத்துக்கு மொதல்ல வந்தது யாரு? ரோடா, ரயிலா? பின்னாடி வந்தவன்தானே செலவு பண்ணணும்?"

நான் அன்று சிரித்துக்கொண்டேன். ஒரு மாட்டுவண்டித் தடம் எப்போது சாலை ஆனது என்று யார் சாட்சி சொல்வார்கள்?

கட்டுகிற செலவைப் பங்கு போடுவதாவது ஒருவிதம். கட்டிய பிறகு வந்து நிற்கிற தண்ணீரைப் பங்கு போடுவது வேறு. பெட்டி ஒருவருடையது, சரிவு ஒருவருடையது. மழை? மழை யாருடைய கணக்கிலும் இல்லை. ஊரும் ரொம்பக் கேட்க முடியாத நிலையில் இருந்தது. தோண்டச் சொன்னது நாம்தானே.

கடைசியில் ஊரே ஒரு மோட்டார் வாங்குவது, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவது, மழைக்காலத்தில் ஒவ்வொரு வீடாக முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது என்று முடிவானது. அதற்கான வரியைப் போடத்தான் அன்று சரிவில் கூடியிருந்தார்கள்.

தம்பி கூறு

வரி என்றால் எங்கள் பக்கத்தில் வெறும் பணம் இல்லை. ஒரு வீட்டுக்குத் தலைவனாக இருக்கிற ஆண்தான் தலைக்கட்டு. உடம்பில் அலகு குத்திக்கொள்ளும் செடல் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கட்டுகிறவன்தான் கூட்டத்தில் பேசலாம். கிடா வெட்டிய பிறகு கூறு போடும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவன் செத்தால் கோயிலிலிருந்து ஊர் மாலை வரும். அந்த மாலை வந்து விழுந்த பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள்.

அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுத் தலைக்கட்டு நான். இதில் வேடிக்கை, நான் அந்த வீட்டில் இல்லை. புதுச்சேரியில் கொஞ்ச காலம், கடலூரில் கொஞ்ச காலம், இப்போது சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடி. எந்த ஊரிலும் என் கால் தரையில் சரியாகப் பதிந்ததில்லை. வீட்டில் இருப்பவள் அக்கா. புருஷன் வீட்டில் பட்டதெல்லாம் போதும் என்று விருத்தாசலம் பக்கமிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். பிறகு அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியது, கிணற்றைத் தூர் எடுத்தது, அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்து அனுப்பியது எல்லாம் அவள்.

செடலுக்கு மறுநாள் கூறு வாங்க அவள்தான் சட்டியோடு போய் நிற்பாள். கூப்பிடுவது என் பெயரை.

"ஆளு வரல. அக்காக்காரி வந்திருக்குது, குடுத்து அனுப்பு" என்பார்கள்.

வீட்டில் அதை நாங்கள் தம்பி கூறு என்றே சொல்வோம். "இந்த வருசம் தம்பி கூறுல எலும்பு ஜாஸ்திடா" என்று போனில் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் எதுவும் உறுத்தியதாக எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சுரங்கத்தில் தண்ணீர் நின்ற பிறகுதான் தெரிந்தது.

அக்கா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள். வயசானவர்கள், கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். அவள் போய் ஊசி போட்டு எடுத்த பிறகுதான் அவர்களுக்கு ஒரு வாய் டீ. ஊரில் வரி கட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால் இறைத்தால் போதும், எட்டு மணிக்கு மோட்டார் போடலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். விடியலில் போடுங்கள் என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"வரி கட்டுறவங்க பேசி முடிச்சாச்சும்மா" என்று பதில் வந்திருக்கிறது.

அதனால்தான் அந்த ஐப்பசிக் காலையில், வேலைக்குப் போகிற வழியில், அவள் கூட்டத்தில் நின்று கேட்டாள்.

சுரங்கத்தின் இரண்டு கரைகள்

"தம்பி பேர்ல ஓடுது சரி. அவன் இங்கயா இருக்கான்?" என்று அக்கா மாமாவிடம் கேட்டாள். "தண்ணிய தாண்டுறது நானு. எம்பேர்ல ஒண்ணு போடுங்க. குடுத்துட்டுப் போறேன்."

"பொம்பள தலைக்கட்டு எந்த ஊர்லம்மா இருக்குது?"

"இந்த ஊர்ல இருக்கட்டுமே."

வரி வசூல் பார்க்கிற சேகர் இடையில் புகுந்தான். என் வயதுக்காரன், சிப்காட்டில் ஷிப்ட் வேலை, எனக்கு மச்சான் முறை.

"வரி கட்டுனா அப்புறம் மொட்டை அடிச்சி செடலும் குத்திக்கணும்க்கா. முடியுமா?"

"நான் அடிச்சிக்கிறேன். ஒனக்குத்தான் அடிக்க ஒண்ணும் இல்ல."

சேகரின் வழுக்கைத் தலையைப் பார்த்து மொத்தக் கூட்டமும் சிரித்தது. சேகரும் சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தண்ணீரைப் பார்த்தார்.

"பாப்போம்மா" என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று அர்த்தம். அக்கா செருப்பைக் கழற்றி ஸ்கூட்டியில் மாட்டினாள். வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே, முழங்காலுக்கு மேல் ஏறிய தண்ணீரில் இறங்கி என் பக்கம் வந்தாள். ஏறி வந்து நின்று, சேலையின் கீழ்ப்பக்கத்தைப் பிழிந்தாள்.

"நீ எப்போடா வந்த?"

பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பப் பார்த்தாள். கிளம்பவில்லை. என் பைக்கில் ஏறிக்கொண்டாள்.

ரயிலின் மத்திய அரசும் சாலையின் மாநில அரசும் செலவில் தங்கள் பங்கு எது, பங்கு இல்லாதது எது என்று பேசிப் பேசித்தான் ஒரு பாலத்தை முடிக்கின்றன. தன் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் சாமர்த்தியம். என் முதுகுக்குப் பின்னால் ஈரச் சேலையோடு உட்கார்ந்திருந்தவள், எனக்கும் ஒரு பங்கு போடுங்கள் என்று கேட்டு, கிடைக்காமல் வருகிறாள். பணத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒருத்தி கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ரெண்டா போட்டுக்குறேன்

சேகர் நல்லவன். அன்று மாலையே டீ பிரேக்கில் போன் செய்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"மச்சான், அக்கா மூஞ்சே நல்லால்லடா. நான் ஒரு ஐடியா சொல்றேன். ஒன் பேர்ல ரெண்டு வரியா போட்டுக்குறேன். ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு அக்காவுக்குன்னு நமக்குள்ள வச்சிக்குவோம். கூறும் ரெண்டா வந்துரும். மாமாவும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

எனக்கு அது அழகான ஏற்பாடாகத்தான் பட்டது. மறுநாள் லேபுக்குப் போய், அவள் சாப்பிடுகிற நேரம் பார்த்துச் சொன்னேன். டிபன் பாக்ஸ் மூடியில் ஊறுகாயை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கூறையும் யாரு பேர சொல்லிக் கூப்பிடுவாங்க?"

தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஏற்கெனவே ஒரு சட்டி தூக்கிட்டு நிக்கறேன். இனிமே ரெண்டு சட்டியா?" மோர் சாதத்தைப் பிசைந்தாள். "போடா. போய் வேலயப் பாரு."

அன்று வீட்டுக்குப் போகாமல் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளையும் நடந்தேன். ஓவர்சியர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. முதலில் வந்தது யார்? அந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் பிறந்தவள் அக்கா. போனாள், திரும்பி வந்தாள். பின்னால் பிறந்தவன் நான். போனேன், போய்க்கொண்டே இருக்கிறேன். ஒரே வீட்டுக்கு ஒரே தலைக்கட்டு என்றால், அதில் பாதி கிடையாது. ஒருவர் நிற்க வேண்டும் என்றால் இன்னொருவர் நகர வேண்டும்.

அது தெரிந்த பிறகும் உடனே நகர மனம் வரவில்லை. எங்கும் ஒட்டாதவனுக்கு, எங்கோ ஓரிடத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது பெரிய ஆறுதல். நான் அங்கே இல்லாமலேயே என்னை அங்கே வைத்திருந்தது அந்தக் கூறுதான்.

இரண்டு மூன்று நாள் கழித்து மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் மோட்டாருக்கான ஹோஸ் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் வாசனை.

"மாமா, எம்பேர எடுத்துடுங்க."

"என்னாடா?"

"நான் ஊர்ல இல்ல. வரி கட்டல. எடுத்துடுங்க."

அவர் பைப்பைக் கீழே போட்டார். "ஒங்கப்பன், ஒங்க தாத்தன் காலத்துலேருந்து கட்டுற வூடுடா அது. ஒரு தலைக்கட்டு கொறஞ்சா ஊரு என்னா ஆவுறது? நாளைக்கி ஒவ்வொருத்தனா வெளியூருன்னு கழண்டுக்குவான்."

"வூடு எங்கயும் போவல மாமா. அங்க ஆளு இருக்காங்க. அவுங்க கட்டுவாங்க."

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அக்காளும் தம்பியும் பேசி வச்சிக்கிட்டு வரீங்களா?"

"அவளுக்குத் தெரியாது."

பைப்பை எடுத்து மறுபடி சுருட்டினார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்:

"அப்புறம் நீ இங்க விருந்தாளி. செத்தா ஊர் மால வராது. பரவால்லியா?"

பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன்.

கூட்டத்தில் இரண்டு குரல்கள் எதிர்த்ததாகச் சேகர் சொன்னான். மாமா ஒரே வார்த்தையில் முடித்தாராம்: "ஒரு வூட்ட விடறதா, ஒரு பொம்பளைய சேக்கறதா, எது ஊருக்கு நஷ்டம்னு நீங்களே சொல்லுங்க."

என் பெயர் இருந்த இடத்தில் அக்காவின் பெயர் ஏறியது. மாமா மனம் மாறியதால் சொன்னாரா, கணக்குப் பார்த்துச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முறை

அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை. இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. பிறகு ஒரு தடவை, "என்ன கேக்காம எப்படிடா பண்ணுன?" என்று சண்டை போட்டாள். சண்டையின் நடுவில், தான் போன முதல் கூட்டத்திலேயே மோட்டார் நேரத்தை விடியலுக்கு மாற்றிவிட்டதைச் சொன்னாள். சொல்லும்போது குரலை எவ்வளவு அடக்கியும் அடங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை ஊருக்குப் போனேன். முந்தின நாள் முழுக்க மழை. சுரங்கத்தின் வாயில் வேனும் சில வண்டிகளும் நின்றன. கீழே மோட்டார் இரைந்தது. தண்ணீர் குறைந்த பாடில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொடைவரைத் தண்ணீரில் அக்கா நின்றிருந்தாள். மறுகரையில் கோவிந்தராசு மாமா மொபெட்டில் உட்கார்ந்தபடி கத்திக்கொண்டிருந்தார்.

"விடியக்காலம் போடணும்னு சட்டம் பேசுனது நீதானே! வேன் வந்துட்டுது, தண்ணி அப்படியே கெடக்குது! வரி கட்டுனா மட்டும் ஆச்சா? மொறைய ஒழுங்கா பாக்க வாணாமா?"

"பைப்பு வாயில பிளாஸ்டிக் கவரு அடச்சிக்கிச்சி மாமா! விடியலேருந்து அதத்தான் நோண்டிக்கிட்டு இருக்கேன். நீங்க கத்துனா தண்ணி ஓடிடுமா?"

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல! போன மொற சேகரு எப்படி எறச்சான், போய்ப் பாரு!"

"சேகரு மொறையில மழையே பெய்யல. அத சொல்லுங்க மொதல்ல!"

வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். அவனையும் ஒரு பிடி பிடித்தாள். இத்தனை வருஷத்தில் ஊரில் யாரும் அக்காவை இப்படித் திட்டி நான் கேட்டதில்லை. பாவம் என்பார்கள், வாழாம வந்து இருக்குது என்பார்கள். மரியாதையாக ஒதுங்கிக்கொள்வார்கள். கூட்டத்தின் நடுவில் நிற்கவைத்து, நீ செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை.

நான் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பைப்பைப் பிடிக்கச் சரிவில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அக்கா கையை ஓங்கினாள்.

"எறங்காதடா! மேல நில்லு. இது எங்க மொற."

நின்றேன்.

அவள் குனிந்து, தோள்வரை கையை விட்டு, எதையோ பிடித்து இழுத்தாள். மோட்டாரின் சத்தம் மாறியது. மறுமுனையில் பைப் ஒருமுறை துள்ளிவிட்டுக் கலங்கல் தண்ணீரைக் கொட்டத் தொடங்கியது. மாமா இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். அக்கா முகத்தில் தெறித்த சேற்றைக்கூடத் துடைக்காமல், ஒரு வார்த்தை பாக்கி வைக்காமல், அவருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.